தார்ச்சாலையை விட்டு இறங்காதவன்

அவசரப்படாதீர்கள் தம்பி. நீங்கள் மிதிக்க மிதிக்கச் சக்கரம் தன் குழியைத் தானே ஆழமாகத் தோண்டிக்கொள்ளும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வாருங்கள். இப்படி என் பக்கத்தில், தார் விளிம்பில் உட்காருங்கள். வெள்ளைக் கால்சட்டை என்று பார்க்க வேண்டாம். அதன் விதி இன்றைக்கு முடிந்துவிட்டது.

ரோட்டைப் பாருங்கள். எவ்வளவு அழகாகக் காலியாகக் கிடக்கிறது! அந்தப் பக்கச் சேற்றில் உங்கள் கார். இந்தப் பக்க வாய்க்காலில் என் டி.வி.எஸ். நடுவில் தேரே போகலாம். இந்த ரோட்டில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் வழிவிட்டது இதுதான் முதல் தடவை. நான் சொல்கிறேன். இந்த ரோட்டின் சரித்திரம் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்தச் சரித்திரத்தில் பாதி நானேதான்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. நீங்கள் ஏன் இறங்கினீர்கள்?

வயசானவர், பின்னால் அம்மா உட்கார்ந்திருந்தார்கள், அதனால் என்கிறீர்கள். நல்ல மனசு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது தம்பி. கார்க்காரன் இறங்க மாட்டான். ஹார்னை அழுத்திக்கொண்டு நடு ரோட்டில் வருவான். டி.வி.எஸ்.காரன் திட்டிக்கொண்டே மண்ணில் இறங்குவான். அந்த முறையை எதிர்த்து ஒருவன் மீசை முளைத்த நாளிலிருந்து போராடிக்கொண்டிருக்கிறான். நீங்கள் பாட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிட்டால் அவன் போராட்டம் என்ன ஆவது? கார் வைத்திருக்கிறவனே இறங்க ஆரம்பித்துவிட்டால் எங்களுக்கு என்ன வேலை?

அதோ போகிறாளே, தாம்பாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள்தான் செங்கமலம். என் மனைவி. போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனாள், உங்கள் காதில் விழுந்ததா? "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பண்ணிக்கிட்டு இருங்க. நான் போயி எங்கண்ணனக் கூட்டிட்டு வர்றேன்." கூட்டிக்கொண்டு வருவாளா என்பதுதான் கேள்வி. அவர் வந்தால் உங்கள் கார் மேலே ஏறும். அவர் வந்தால்தான் என் மகள் கல்யாணமும் நடக்கும். ஆமாம், இரண்டும் ஒரே ஆள் கையில்.

என் பெயர் உத்திராபதி. தோழர் உத்திராபதி என்று கேட்டால் இந்தப் பக்கம் சொல்வார்கள். 'ரோட்ட விட்டு எறங்காத உத்திராபதி' என்று கேட்டால் இன்னும் சீக்கிரம் சொல்வார்கள்.

நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் இல்லை. துண்டறிக்கை படித்துத்தான் எழுத்துக் கூட்டினேன். டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுப்பார்கள் பாருங்கள், அந்தத் தாள். பஜ்ஜியைத் தின்றுவிட்டு எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பேன். கடைக்காரர் தாளைப் பாதியாகக் கிழித்துத்தான் மடிப்பார். எனக்கு எப்போதும் மேல் பாதிதான் வாய்க்கும். 'உழைக்கும் மக்களே, ஒன்று திரளுங்கள்' என்பது மேல் பாதியில் இருக்கும். ஒன்று திரண்ட பிறகு என்ன செய்வது என்பது கீழ்ப் பாதியில் இருந்திருக்க வேண்டும். அதை வேறு யாரோ சட்னியோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதையும் கேளுங்கள்.

இந்த ரோடு அப்போது வெறும் கப்பிக்கல். மேலவீட்டு ஐயாவின் பிளசர் கார் வந்தால் எங்கள் ஆட்கள் ரோட்டை விட்டு இறங்கி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாய்க்கால் ஓரம் நிற்க வேண்டும். கார் போய்ப் புழுதி அடங்கிய பிறகுதான் மேலே ஏற வேண்டும். தலையில் நாற்றுக்கட்டு இருந்தாலும் அப்படித்தான். எனக்கு ஒரு நாள் மேல் பாதித் துண்டறிக்கை ஒன்று கிடைத்தது. மறுநாள் காலையில் நான் நடு ரோட்டில் நடந்தேன். பின்னால் கார் வந்தது. ஹார்ன் அடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீரம் என்று எழுதினார்கள் பிறகு. உண்மையில் கழுத்து திரும்பவில்லை தம்பி, பயத்தில் மரத்துப்போய்விட்டது.

அன்றைக்கு என் பக்கத்தில் ஒருவன் நடந்தான். தோப்புச்சேரி கலியமூர்த்தி. "எறங்கிறலாமாண்ணே?" என்று அவன் கேட்டான். "எறங்காதே" என்றேன். அதுதான் நான் அவனுக்குக் கொடுத்த முதல் அரசியல் வகுப்பு. அதுதான் கடைசி வகுப்பும். காரும் எங்கள் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு தோப்புச்சேரி வரைக்கும் வந்தது. அப்புறம் லாக்கப், அடி, வழக்கு, அதெல்லாம் வழக்கம்போல. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் எந்தக் காருக்கும் இறங்கவில்லை. என்னைப் பார்க்க லாக்கப்புக்குக் கலியமூர்த்தியின் தங்கை சாப்பாடு கொண்டுவந்தாள். அவள் கொண்டுவந்தது அவள் அண்ணனுக்கு. நான்தான் எனக்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தவறான புரிதலில்தான் கல்யாணம் நடந்தது. அன்றையிலிருந்து கலியமூர்த்தி எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்பிள்ளை.

மரியாதைக்கு இப்போது 'அவர்' என்கிறேன். தை மாசத்திலிருந்து இந்த ஆவணி வரைக்கும் 'அவன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தாரும் நான் போட்டதுதான். நான் என்றால் போராடிப் போடவைத்தது. ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தபோது நாற்று நடும் போராட்டம் அறிவித்தேன். குழியில் தேங்கிய தண்ணீரில் இறங்கி நாற்று நட்டோம். அதிகாரி வந்து பார்ப்பார் என்று காத்திருந்தோம். வரவில்லை. நாற்று பச்சை பிடித்தது. தூர் கட்டியது. கடைசியில் மாடு வந்து மேய்ந்துவிட்டுப் போனது. ஆனாலும் விடவில்லை. மனு மேல் மனு. தார் வந்தது. அகலப்படுத்தச் சொன்னேன். அகலப்படுத்த இடம் இல்லை, வேண்டுமானால் இன்னொரு அடுக்குப் போடுகிறோம் என்றார்கள். போடுங்கள் என்றேன். பெயர்ந்தது. போராடினேன். இன்னொரு அடுக்கு. மறுபடி பெயர்ந்தது. மறுபடி போராட்டம், மறுபடி அடுக்கு.

அதன் பலன்தான் நாம் உட்கார்ந்திருக்கிற இந்த விளிம்பு. தரையிலிருந்து எவ்வளவு உயரம் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல வசதியாக இல்லையா? ஒவ்வொரு போராட்டத்திலும் ரோடு உயர்ந்தது. ஒவ்வொரு வெற்றியிலும் மண்ணில் இறங்குகிறவனுக்குப் பள்ளம் ஆழமானது. இந்த ரோட்டில் யாரும் யாருக்கும் ஏன் இறங்குவதில்லை என்று கேட்டால் ஜனங்களின் குணம் கெட்டுவிட்டது என்று நான் கூட்டத்தில் பேசுவேன். செங்கமலம் கீழே உட்கார்ந்துகொண்டு, "இவரு ஏத்துனதுல எறங்க முடியல" என்பாள். கூட்டம் அவளுக்குத்தான் கைதட்டும்.

ஆனால் குணமும் கெட்டுத்தான் போயிருக்கிறது தம்பி. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மினி பஸ் வரும். யானை பிளிறுகிற மாதிரி ஒரு ஹார்ன். உள்ளே பாட்டு. டிரைவர் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு வருவானே தவிர ரோட்டில் ஓர் உயிர் போகிறது என்று பார்க்க மாட்டான். அப்புறம் பரிகாரம் செய்யக் கோயில் கோயிலாகப் போகிற வெளியூர்க் கார்கள். பழைய தோஷத்தைக் கழிக்கப் போகிற வழியில் எங்களைச் சேற்றில் தள்ளிப் புதுத் தோஷம் சம்பாதித்துக்கொண்டு போவார்கள். அறுப்புக் காலத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். இரண்டு பக்கமும் வைக்கோல் பிதுங்கிக்கொண்டு வரும். ஓரமாக நின்றால் முகச்சவரமே செய்துவிடும்.

அநியாயத்தைக் கண்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். வண்டியை நடு ரோட்டில் நிறுத்துவேன். ஸ்டாண்டு போடுவேன். சாவியை எடுத்து வேட்டியில் செருகிக்கொள்வேன். பிறகு பேசுவேன். ரோடு யாருடையது, வரி யாருடையது என்று ஆரம்பித்தால், முடிப்பதற்குள் எதிரே வந்தவன் மண்ணில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போய்விடுவான். மினி பஸ் டிரைவர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறான். இதை நான் மரியாதை என்று சொல்கிறேன். செங்கமலம் வேறு வார்த்தை சொல்கிறாள்.

இப்போது தை மாசத்துக்கு வருகிறேன்.

சம்பா அறுப்பு. ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் களம் கிடையாது. தார்தான் களம். வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். மீதிப் பாதியில்தான் எல்லாப் போக்குவரத்தும். நான் ஒரு கண்டனக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதைக் கண்டித்து என்பது மறந்துவிட்டது. எதிரே ஒரு குட்டியானை வந்தது. நெல் மூட்டை அடுக்கிக்கொண்டு. ஆட்டோ மாதிரி முகம், லாரி மாதிரி முதுகு உள்ள அந்தச் சின்ன லோடு வண்டியை இங்கே குட்டியானை என்றுதான் சொல்வோம். அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் 'செங்கமலம்' என்று எழுதியிருந்தது.

மச்சானுடைய வண்டி. வாங்கியபோது தங்கச்சி பெயரை எழுதிக்கொண்டார். அதனால் இந்த ரோட்டில் எனக்கு எதிரே வருகிற வண்டிகளில் ஒன்று என் மனைவியின் பெயரோடு வரும். வீட்டிலும் அதே நிலைமைதான் என்பதால் எனக்கு வித்தியாசமாகத் தெரிந்ததில்லை.

"மாப்ளே, கொஞ்சம் மண்ணுல எறங்கிக்குங்க. லோடு இருக்கு. நான் எறங்குனா வண்டி சாஞ்சிரும்" என்றார்.

நான் ஸ்டாண்டு போட்டேன்.

"லோடு உள்ளவனுக்கு ஒரு நியாயம், இல்லாதவனுக்கு ஒரு நியாயமா மச்சான்?"

"நியாயம் இல்ல மாப்ளே, நெல்லு. மழைக்கு மானம் மூடிக்கிட்டு வருது பாருங்க."

"அப்ப பின்னாடி எடுங்க."

"பின்னாடி எங்க எடுக்குறது? ஊரே காயப்போட்டிருக்கு. அவங்க நெல்லு மேல ஏத்துறதும் ஒண்ணு, வயித்துல ஏத்துறதும் ஒண்ணு."

"ஏழை நெல்லு மேல அக்கறை. ஏழை மேல அக்கறை இல்ல."

"நீங்க எறங்க எவ்வளவு நேரம் ஆகும் மாப்ளே?"

"நேரம் இல்ல பிரச்சினை. கொள்கை."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்தால் எனக்குக் குரல் தானாக உயரும். அது ஒரு வியாதி. கலியமூர்த்தியும் வண்டியிலிருந்து தலையை வெளியே நீட்டினார். "எறங்காதேன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். இப்ப எறங்கலேன்னு என்னையவே நிக்க வச்சிருக்கீங்க" என்றார்.

"அன்னைக்கு நீங்க நடந்து வந்தீங்க. இன்னைக்கு வண்டியில வர்றீங்க. வண்டி வந்துச்சு, வர்க்கம் மாறிருச்சு!"

"அப்ப நீங்க ஓட்டிக்கிட்டு வந்தது என்ன, ஆட்டுக்குட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் தப்பாகப் போனது. சிரிக்காமல் இருந்திருந்தால் நான் இறங்கியிருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன். செங்கமலம் நம்பவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நபர் மறியல். கலியமூர்த்தி கெஞ்சுகிற குரலில் கடைசியாக, "மூட்ட யாருதுன்னாச்சும் கேளுங்க மாப்ளே" என்றார்.

"யாருதா இருந்தா என்ன? கொள்கைக்கு முன்னால எல்லா மூட்டையும் ஒண்ணுதான்!" என்றேன். அந்த வரி எனக்கே பிடித்துவிட்டது. இன்னொரு தடவையும் சொன்னேன்.

மழை கொட்டியது.

ஜனங்கள் ரோட்டில் கிடந்த நெல்லை வாரிக்கொண்டு ஓடினார்கள். கலியமூர்த்தி தார்ப்பாயைப் பிரித்துக் கட்டுவதற்குள் மூட்டைகள் நனைந்துவிட்டன. நான் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். எதிரில் கூட்டமே இல்லை. கூட்டம் போன பிறகும் உட்கார்ந்திருப்பவன்தான் உண்மையான போராளி என்று ஒரு துண்டறிக்கையில் படித்திருக்கிறேன். மேல் பாதியில். கடைசியில் நெல் வாரியதால் ரோடு அகலமாகி, அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அவர்தான் சுற்றிக்கொண்டு போனார், நான் இறங்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்டனக் கூட்டம் முடிந்து வெற்றியோடு வீட்டுக்குப் போனேன். வாசலில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஆவி பறந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். செங்கமலம் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு நெல்லு இது?" என்றேன்.

"ஜெயிச்சவரு நெல்லு" என்றாள்.

எங்கள் நெல், தம்பி. மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த நெல். அண்ணனைக் கூப்பிட்டு, வயலிலிருந்தே ஏற்றி அனுப்பியிருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? வயலை அவள் பார்த்துக்கொள்கிறாள். நான் விவசாயிகள் பிரச்சினையைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் எப்போதுமே வேலைப் பிரிவினை உண்டு.

மூட்டைக்குள்ளேயே முளைத்துவிட்டது. நான் ரோட்டில் நட்டதைவிட நன்றாக முளைத்தது.

கலியமூர்த்தி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கச்சியிடம்தான் சொன்னார். "இனிமே இந்த ஊரு போர்டத் தாண்டி என் வண்டி வராது. ரோட்ட அவருக்கே எழுதிக் குடுத்துரு." அதோ தெரிகிறதே, 'கருவக்கட்டளை' என்று எங்கள் ஊர் மஞ்சள் பலகை, அந்த போர்டுதான். அதற்கு அந்தப் பக்கம் தோப்புச்சேரி. அன்றையிலிருந்து அவர் வண்டி அதைத் தாண்டவில்லை. நல்லது என்று நான் டீக்கடையில் சொன்னேன். கவனமில்லாத டிரைவர் ஒருவன் குறைந்தான் என்றேன். டீ மட்டும் வந்தது, சர்க்கரை இல்லாமல்.

செங்கமலம் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குப் பதில் பேசத் தெரியும். அவள் என் டி.வி.எஸ்.ஸில் பின்னால் உட்காருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். எங்கே போனாலும் மினி பஸ். நான் திட்டுகிற அதே மினி பஸ். அந்த டிரைவர் அவளுக்காக முன் சீட்டைத் துடைத்துக் கொடுக்கிறான். நடு ரோட்டில் அவனை மறித்து நான் எப்படிப் பேசுவது? உள்ளே இவள் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகு நான் பலமுறை அந்த பஸ்ஸுக்காக... இல்லை, இறங்கவில்லை. அது வருகிற நேரத்துக்கு வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

பிறகு மகளுக்கு வரன் அமைந்தது. பெயர் விடியல். நான் வைத்த பெயர். அவள் அம்மா பாப்பா என்று கூப்பிடுகிறாள். தஞ்சாவூரில் நர்ஸாக இருக்கிறாள். மாமா வராமல் கல்யாணம் வேண்டாம் என்றாள். மாமா எடுத்துக் கொடுக்கிற புடவையைத்தான் கட்டுவேன் என்றாள்.

"தாய்மாமன் சீரு, மணையில ஒக்கார்றது, இதெல்லாம் பழமை. நமக்கு மேடையும் மைக்கும் போதும்" என்றேன்.

"சரிப்பா. மாமா வராம மைக்கு முன்னாடியும் நிக்க மாட்டேன்."

யாரிடம் கற்றாள் இந்தப் பிடிவாதத்தை என்று நான் கேட்டேன். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆக, இன்றைக்கு மச்சானை அழைக்கப் புறப்பட்டோம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய்த் தாம்பாளத்தில் வைத்து அழைத்தால்தான் அழைப்பு. பத்திரிகைக்கு மஞ்சள் தடவ வேண்டாம் என்றேன். தடவினாள். மினி பஸ்ஸில் போகலாம் என்றேன். "இல்ல, ஒங்க வண்டியில வர்றேன். ஆனா ஒண்ணு. எதிர்ல எது வந்தாலும் நீங்க எறங்கணும். நாய் வந்தாலும் எறங்கணும். சம்மதம்னா வண்டிய எடுங்க" என்றாள்.

எடுத்தேன்.

பிள்ளையார் கோயில் தாண்டியதும் உண்மையாகவே நாய் வந்தது. நடு ரோட்டில், பண்ணையார் மாதிரி. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. அதற்கு என்னைத் தெரியும். எங்கள் தெரு நாய். பழக்கத்தில் அதுதான் ஒதுங்கப் பார்த்தது. அதற்குள் நான் மண்ணில் இறங்கிவிட்டேன். பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது செங்கமலம் என் தோளில் கை வைத்தாள். விழாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். மறுபடி மேலே ஏறிய பிறகும் கையை எடுக்கவில்லை.

அப்புறம் வாத்துக்காரன் கூட்டமாக வாத்து ஓட்டிக்கொண்டு வந்தான். இறங்கினேன். மினி பஸ் வந்தது. இறங்கினேன். அந்த டிரைவர் ஹார்ன் அடிக்க மறந்து போய்விட்டான் தம்பி. வாயைத் திறந்தபடியே எங்களைக் கடந்து போனான். கை தோளிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் வந்தீர்கள். பெரிய கார், வெளியூர் நம்பர், நடு ரோடு. என் உடம்பில் ஒவ்வொரு நரம்பும் ஸ்டாண்டைப் போடு என்றது. அந்தக் கை கனத்தது. அவ்வளவுதான் காரணம். நீங்களாக இருந்தாலும் சரி, மேலவீட்டு ஐயா சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்திருந்தாலும் சரி, இறங்கியிருப்பேன். நேற்றைய மழையில் மண் இவ்வளவு இளகியிருக்கும் என்று யார் கண்டது? வாய்க்காலுக்குள் போன பிறகுதான் திரும்பிப் பார்க்கிறேன், நீங்களும் அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறீர்கள். செங்கமலம் தாம்பாளத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடு ரோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உங்களைப் பார்த்தாள். சிரித்தாள் பாருங்கள், அப்படி. தைக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

என் வண்டியை மட்டும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிவிடலாம் என்கிறீர்களா? தூக்கலாம். ஆனால் உங்கள் கார் கீழே கிடக்க நான் மட்டும் மேலே ஏறிப் போவது ஒற்றுமைக்கு விரோதம். தவிர, என் கால் இந்தச் சேற்றில் கணுக்கால் மறையும் அளவுக்கு இருக்கிறது. இழுத்தால் செருப்பு உள்ளேயே தங்கிவிடும்.

இருங்கள். சத்தம் கேட்கிறதா?

குட்டியானைதான். எனக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் தெரியும். நெற்றியில் 'செங்கமலம்'. உள்ளே முன் சீட்டிலும் செங்கமலம். வருகிறார். வருகிறார் தம்பி.

நின்றுவிட்டது.

போர்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது, பார்த்தீர்களா? ஓர் அடி தாண்டவில்லை. ரோஷக்காரர். நான் பழக்கிய ஆள். எஞ்சினையும் அணைத்துவிட்டார். திரும்பிப் போகப் போகிறாரா? அங்கிருந்து நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகத்தான் வந்தாரா? நான் என்ன, பேசிக்கொண்டே இருக்கிறேன் என்று பார்க்கிறீர்கள். பயம் வந்தால் எனக்குப் பேச்சு வரும். எல்லாப் பேச்சாளர்களுக்கும் அப்படித்தான், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

கதவு திறக்கிறது. இறங்குகிறார். தோளில் கயிறு. போர்டைத் தாண்டி நடந்து வருகிறார். வண்டி வராது என்றுதானே சொன்னார், ஆள் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. கெட்டிக்காரர். இவ்வளவு தூரத்திலிருந்து கட்டி இழுக்கக் கயிறு எட்டுமா? எட்டும் போலத்தான் கொண்டுவருகிறார். பின்னால் அவள் வருகிறாள். தாம்பாளம் காலியாக இருக்கிறதா பாருங்கள். அவர் சட்டைப் பையைப் பாருங்கள் தம்பி, மஞ்சள் முனை ஏதாவது நீட்டிக்கொண்டு தெரிகிறதா? எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. சேறு தெறித்துவிட்டது.

தெரிகிறதா? நன்றாகப் பார்த்தீர்களா? பத்திரிகைதானே?

சரி.

சரி.

மச்சான்! நீங்க எறங்க வேணாம் மச்சான், சேறு! கயித்த வீசுங்க, நான் கட்டிக்கிறேன்!

கேட்டீர்களா, என்ன சொல்கிறார் என்று? "என்ன மாப்ளே, எறங்கிட்டீங்க போல." எவ்வளவு குத்தல் பாருங்கள். வழுக்கிருச்சு மச்சான்! ரோடு சரியில்ல! நாளைக்கே ஒரு மனு போடணும்!

விளிம்பில் நிற்கிறார். பள்ளத்தைப் பார்க்கிறார். செருப்பைக் கழற்றுகிறார். வேட்டியை மடித்துக் கட்டுகிறார். பாருங்கள், பாருங்கள், கண்ணை எடுக்காதீர்கள். இறங்கிவிட்டார்! தார்ச்சாலையை விட்டு மண்ணில், கலியமூர்த்தி, எனக்காக, பகல் வெளிச்சத்தில்!

நீங்கள்தான் சாட்சி தம்பி. நாளைக்கு யார் கேட்டாலும் சொல்ல வேண்டும், இரண்டு பேரில் கடைசியில் இறங்கி வந்தது யார் என்று. நானா? நான் எங்கே இறங்கினேன்? அவர் வரும்போதே என் கால் இங்கே கீழே சேற்றில்தானே இருந்தது.